முதல் முறை அனாகமா சூளைக்கு விறகு போடப் போகிறவர்களுக்கு

அனாகமா என்பது மண்பாண்டம் சுடும் ஜப்பானிய விறகுச் சூளை. அதன் பக்கம் போகும்போது நைலான், பாலியஸ்டர் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. மற்றதெல்லாம் அப்புறம். பருத்தித் துணியில் பொறி பட்டால் ஓட்டை விழும், அவ்வளவுதான். பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். முழுக்கைப் பருத்திச் சட்டை, ஜீன்ஸ், தோல் ஷூ, முழங்கை வரை வரும் தோல் கையுறை, தலையில் கட்ட ஒரு பருத்தித் துண்டு, இவ்வளவும் வேண்டும். சூளைக்குள் எட்டிப் பார்க்க வெல்டிங் வேலைக்கான கருப்புக் கண்ணாடி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வெயிலுக்குப் போடும் கூலிங் கிளாஸ் இதற்கு உதவாது. வெள்ளைச் சூட்டிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிர் கண்ணைக் கெடுக்கும், அது உடனே தெரியவும் தெரியாது.

ஜப்பானில் வேலைக்கோ படிப்புக்கோ போய், வார இறுதியில் மண் பிசையக் கற்றுக்கொண்டவர்களுக்கு என்றாவது ஒருநாள் இந்த அழைப்பு வரும்: "அடுத்த மாதம் சூளை மூட்டுகிறோம், ஆள் வேண்டும், வருகிறாயா?" யோசிக்காமல் சரி என்று சொல்லிவிடுங்கள். நான்கைந்து நாள் இரவு பகலாக எரியும் சூளைக்கு ஒரு ஆள், இரண்டு ஆள் போதாது. முறை வைத்துத்தான் விறகு போட வேண்டும். புதியவர்கள் உள்ளே நுழைய இதைவிட நல்ல வாசல் இல்லை.

எங்கே போவது என்று கேட்டால் நான் ஷிகராகியைத்தான் சொல்வேன். ஷிகா மாவட்டத்தில் கோகா நகரத்தைச் சேர்ந்த மலையூர். கிபுகாவா நிலையத்தில் சின்ன ரயில் மாறிப் போக வேண்டும். ஊருக்குள் நுழைந்ததும் திரும்பிய பக்கமெல்லாம் தொப்பை தள்ளிய தனுகி (நரி மாதிரியான ஒரு ஜப்பானிய விலங்கு) பொம்மைகள் நிற்கும். அவற்றைப் பார்த்து இது பொம்மை ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். பிஸென், தாம்பா, எச்சிஸென், செத்தோ, தொகோநாமே ஆகியவற்றோடு ஜப்பானின் 'ஆறு பழைய சூளை' ஊர்களில் இதுவும் ஒன்று. 2017-ல் இந்த ஆறையும் சேர்த்து ஜப்பான் மரபுரிமைப் பட்டியலில் வைத்தார்கள்.

சூளையின் உடம்பு

அனா என்றால் பொந்து, குகை. கமா என்றால் சூளை. மலைச்சரிவில் பாதி புதைந்து கிடக்கும் ஒற்றைச் சுரங்கம்தான் அனாகமா. கீழ்முனையில் நெருப்பு வாய், நடுவில் பாண்டங்கள், மேல்முனையில் புகைபோக்கி. நெருப்புக்கும் பாண்டத்துக்கும் நடுவில் சுவரோ தடுப்போ கிடையாது. சரிவே சூடான காற்றை மேலே இழுக்கிறது, காற்றோடு சாம்பலும் போகிறது. போகிற வழியில் பாண்டங்களின் தோளில் படிகிறது. சூடு 1,240 டிகிரி செல்சியசை ஒட்டிப் போனதும் அந்தச் சாம்பலில் உள்ள சுண்ணாம்பும் பொட்டாசியமும் மண்ணில் உள்ள மணலோடு சேர்ந்து உருகிக் கண்ணாடியாகிவிடும். யாரும் பூசாத கிளேஸ், அதாவது பாண்டத்தின் கண்ணாடி மேற்பூச்சு, அது. 5-ஆம் நூற்றாண்டில் கொரியத் தீபகற்பத்திலிருந்து இந்தச் சூளை ஜப்பானுக்கு வந்தது. அதில் முதலில் சுட்டது சுஎகி என்ற சாம்பல்நிறக் கெட்டிப் பாண்டம்.

நொபொரிகமா வேறு. அது படிக்கட்டு மாதிரி மேலே ஏறும் பல அறைச் சூளை. கீழ் அறை எரியும் வெப்பத்திலேயே அடுத்த அறை பாதி சூடாகிவிடுவதால் விறகு மிச்சம். அனாகமாவுக்கு ஆயிரம் வருஷம் கழித்து, 16-ஆம் நூற்றாண்டு முடிகிற சமயத்தில், அதுவும் கொரியாவிலிருந்துதான் கியூஷூவின் கராட்சுப் பக்கம் வந்து சேர்ந்தது. பார்க்க ஆசை என்றால் தொகோநாமேயில் 1887-ல் கட்டிய எட்டறைச் சூளை இருக்கிறது, மேலே பத்துப் புகைபோக்கி வெவ்வேறு உயரத்தில் நிற்கும். தாம்பாவில் 1895-ல் கட்டிய 47 மீட்டர் நீளச் சூளை பாம்பு மாதிரி மலையேறும். கியோத்தோவில் கவாய் கான்ஜிரோ என்ற பாண்டக் கலைஞரின் வீடு இப்போது அருங்காட்சியகம். வீட்டுக்குப் பின்னாலேயே நொபொரிகமா படுத்திருக்கிறது. நகரத்தில் புகைக் கட்டுப்பாடு வந்த பிறகு அங்கே யாரும் நெருப்பு மூட்டுவதில்லை. விறகுச் சூளைகள் மலையூர்களுக்கு ஒதுங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

தமிழ்நாட்டில் இருந்தபடியே தொடங்க நினைப்பவர்கள் புதுச்சேரிப் பக்கம் விசாரியுங்கள். 1971-ல் ரே மீக்கரும் டெபரா ஸ்மித்தும் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். டெபரா அதற்கு முன்பே ஜப்பானில் பயின்றவர். அவர்களிடம் கற்றவர்கள் வழியாக இந்தக் கலை அந்த வட்டாரத்தில் நன்றாகவே வேர் விட்டிருக்கிறது.

என்ன பாண்டம் கொண்டுபோவது

அழைத்தவரிடம் கேட்காமல் ஒன்றும் கொண்டுபோகாதீர்கள். பூந்தொட்டிக்கு எடுக்கும் சாதாரணச் செம்மண் பாண்டம் இந்தச் சூட்டில் நிற்காது. உருகிக் கூழாகி, பாண்டம் அடுக்கும் சூளைத் தட்டில் வழிந்து, பக்கத்தில் இருப்பவர் பானையையும் கெடுத்துவிடும். 1,300 டிகிரி தாங்கும் மண் வேண்டும். ஷிகராகி மண் பழைய பிவா ஏரியின் அடிப்படிவிலிருந்து வருவது. அதில் ஃபெல்ஸ்பார் என்ற வெள்ளைக் கல் பொடிப்பொடியாகக் கலந்திருக்கும். சுட்ட பிறகு அந்தக் கல்லெல்லாம் செம்பழுப்பு மேனியில் வெள்ளைப் புள்ளியாகப் பிதுங்கி நிற்கும்.

முதல் முறைக்கு ஐந்தாறு சின்னப் பாண்டம் போதும். இரண்டு யூனோமி (கைப்பிடி இல்லாத டீக் கோப்பை), ஒரு கிண்ணம், ஒரு குட்டிக் குடுவை. வெளிப்பக்கம் கிளேஸ் பூச வேண்டாம், சாம்பலுக்கு விட்டுவிடுங்கள். குறுகிய வாய் உள்ள குடுவைக்குள் சாம்பல் போகாது, அதனால் உள்ளே மட்டும் பூசலாம். அடிப்பாகத்தில் ஒரு விரல்கடை உயரத்துக்குக் கண்டிப்பாக எதுவும் இருக்கக் கூடாது. எல்லாம் எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும். கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

அடுக்குவது

எல்லோரும் நெருப்பைப் பார்க்கத்தான் வருகிறார்கள், அடுக்கும் நாளன்று ஆள் குறைவு. நீங்கள் அந்த நாளைத் தவற விடாதீர்கள். பாண்டத்தின் தலையெழுத்து அன்றைக்குத்தான் எழுதப்படுகிறது. மூட்டிய பிறகு நாம் செய்வதெல்லாம் அடுக்கியபோது முடிவானதைக் கெடுக்காமல் கொண்டுசேர்ப்பதுதான்.

முதல் வேலை உருண்டை உருட்டுவது. அலுமினா தூளையும் கயோலின் களிமண்ணையும் சரிக்குச் சரி கலந்து, தண்ணீர் விட்டுச் சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசைந்து, கோலிக்குண்டு அளவில் உருட்டுவார்கள். ஒவ்வொரு பாண்டத்துக்கும் அடியில் மூன்று உருண்டை. இல்லாவிட்டால் வழிகிற சாம்பல் கிளேஸ் பாண்டத்தையும் தட்டையும் ஒன்றாக ஒட்டிவிடும், பிறகு உளி வைத்துத்தான் பெயர்க்க வேண்டும். அலுமினா சாம்பலோடு எளிதில் உருகிச் சேராது. ஐந்நூறு, அறுநூறு உருண்டை உருட்ட வேண்டியிருக்கும். புதியவர்கள் தலையில்தான் அது விழும். முகம் சுளிக்காமல் செய்யுங்கள், ஊர்க்கதை எல்லாம் அப்போதுதான் காதில் விழும்.

பாண்டத்தைப் படுக்கவைத்துச் சுட வேண்டுமானால் சிப்பி ஓடு வேண்டும். ஓட்டின் குழிவில் அதே உருண்டை மாவை நிரப்பி, மேடான பக்கத்தைப் பாண்டத்தின் மேல் படும்படி வைப்பார்கள். சுட்டு முடிந்தால் ஓடு சுட்ட சுண்ணாம்பாகியிருக்கும். தண்ணீரில் போட்டால் சர்ரென்று சூடேறிப் பொடியாக உதிரும், கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். உதிர்ந்த இடத்தில் சிப்பியின் வரிகள் அச்சாகப் பதிந்திருக்கும். படுத்துக் கிடந்ததால் சாம்பல் கிளேஸ் பானையின் அடியை நோக்கி ஓடாமல் குறுக்கே ஓடிச் சொட்டி நிற்கும். நான் முதல் முறை அதைப் பார்த்தபோது யாரோ வரைந்தது என்றே நினைத்தேன்.

இடத்தைப் பொறுத்துதான் நிறம். நெருப்பு வாயை ஒட்டிய முன்வரிசையில் சாம்பல் மழையாகக் கொட்டும். அங்கே நிற்பவற்றில் பச்சைக் கண்ணாடி ஓடைகள் வழியும், ஷிகராகிக்காரர்கள் அதை பிதொரோ என்பார்கள். தரையில் கங்குக்குள் புதையும் பாண்டத்தின் அடிப்பக்கம் கருகிக் கரடுமுரடாகும், அதற்குப் பெயர் கொகே, கருகல். பின்னால் போகப் போகச் சாம்பல் குறையும், நெருப்பின் நாக்கு தொட்ட இளஞ்சிவப்பு மட்டும் மிஞ்சும். அது ஹிஇரோ, நெருப்பு நிறம். முன்வரிசைக்கு எல்லோரும் அடித்துக்கொள்வார்கள். ஆனால் முன்வரிசையில்தான் சேதமும் அதிகம். விறகு மோதும், கங்கு சரியும், பானை சாயும். உங்கள் முதல் யூனோமிக்கு நடுவரிசையைக் கேட்டு வாங்குங்கள் என்பது என் யோசனை.

பிஸென் ஊரில் இந்த விளையாட்டை இன்னும் தூரம் கொண்டுபோயிருக்கிறார்கள். அங்கே கிளேஸே கிடையாது. சாம்பல் எள் தூவின மாதிரி படிந்தால் கோமா, எள் என்றே பெயர். ஒரு தட்டின் மேல் வட்ட மண் அடையை வைத்துச் சுட்டால் அந்த இடத்தில் மட்டும் சாம்பல் படாமல் சிவப்பு வட்டம் விழும். அதற்கு போத்தாமோச்சி என்று ஒரு பலகாரத்தின் பெயர். நெல் வைக்கோலைச் சுற்றிச் சுட்டால் வைக்கோலில் உள்ள பொட்டாசியம் மண்ணின் இரும்போடு சேர்ந்து செந்நிறக் கோடுகளை விட்டுப் போகும், அது ஹிதாசுகி.

அடுக்கி முடித்ததும் வாசலைச் செங்கல் வைத்து மூடி, விறகு தள்ள ஒரு துளையும் காற்றுக்கு அடித்துளைகளும் மட்டும் விடுவார்கள். நெருப்பு வாய்க்கு மேல் உப்பு, அரிசி, சாக்கே என்ற அரிசி மது வைத்துச் சூளைத் தெய்வத்தைக் கும்பிடுவார்கள். நாமும் சேர்ந்து கும்பிட வேண்டியதுதான்.

நெருப்பு

முதல் நாள் சப்பென்று இருக்கும். அபுரி என்பார்கள், வாட்டுவது. வாசலுக்கு வெளியே சின்னத் தீ, அதன் சூடு மட்டும் உள்ளே போகும். பாண்டத்தில் ஒளிந்திருக்கும் ஈரம் மெல்ல வெளியேற வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே நீராவி அடைபட்டுப் பானை வெடிக்கும், அந்தச் சில்லு பத்துப் பானையில் ஒட்டும். 573 டிகிரியில் மண்ணில் உள்ள குவார்ட்ஸ் மணல் சட்டென்று விரியும், அந்த இடத்தையும் நிதானமாகவே தாண்ட வேண்டும். உள்ளே மங்கிய சிவப்பு தெரிய ஆரம்பித்த பிறகுதான் தீ சூளைக்குள் போகும். அடுத்தது ஸேமே, தாக்குதல். அகமட்சு என்ற செம்பைன் விறகு அப்போதுதான் வண்டி வண்டியாகக் காலியாகும். பிசின் நிறைந்த மரம் என்பதால் தீநாக்கு நீளமாக ஓடி, சூளையின் பின்முனை வரை தொடும். ஒரு வருஷமாவது காய்ந்திருக்க வேண்டும், மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்திருக்க வேண்டும்.

இப்போது உங்கள் வேலை. ஆறேழு கட்டையைத் துளை வழியாக ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளி மூடியைச் சாத்துங்கள். தூக்கி எறியக் கூடாது, முன்வரிசைப் பானைகள் அங்கேதான் நிற்கின்றன. உடனே புகைபோக்கியில் கரும்புகை எழும். பக்கத்துத் துளைகளில் தீ நாக்கை நீட்டும். வெப்பமானியில் எண் கொஞ்சம் இறங்கும். பயப்படாதீர்கள். உள்ளே விறகின் வாயு எரியக் காற்று போதாத நேரம் அது. அந்த நெருப்பு தனக்கு வேண்டிய ஆக்சிஜனை மண்ணில் உள்ள இரும்பிலிருந்து பிடுங்கிக்கொள்கிறது. பச்சை, சாம்பல்நிறமெல்லாம் அப்படித்தான் பிறக்கின்றன. இரண்டு மூன்று நிமிஷத்தில் துளையில் நீட்டிய நாக்கு உள்ளே போகும், புகை வெளுக்கும், எண் ஏற ஆரம்பிக்கும். ஏறி, ஏறி, ஓரிடத்தில் தயங்கும். அந்தத் தயக்கத்தில்தான் அடுத்த விறகு.

சொல்லும்போது சுலபம். என் முதல் இரவு முறை நள்ளிரவிலிருந்து காலை ஆறு வரை. மூன்று மணி வாக்கில் எண் 1,180-ல் நின்றுவிட்டது. விறகு போதவில்லை என்று நினைத்து இரண்டு கட்டை கூடப் போட்டேன். 1,165. இன்னும் நான்கு போட்டேன். 1,150. வேர்த்துக் கொட்டியது. விறகை வாரி வாரித் தள்ளிக்கொண்டிருந்தபோது, கொட்டகையில் படுத்திருந்த சென்செய், அதாவது எங்கள் குரு, எழுந்து வந்தார். திட்டவில்லை. அடித்துளையைக் குனிந்து பார்த்தார். கங்கு துளை உயரத்துக்கு ஏறி அடைத்துக்கொண்டிருந்தது. ஒரு நீளக் கம்பியால் நாலு கிளறு கிளறினார், இன்னொரு அடித்துளையின் செங்கல்லை உருவினார். "உட்கார், டீ குடி, பத்து நிமிஷம் எதையும் தொடாதே" என்றார். ஏழாவது நிமிஷம் எண் ஏறத் தொடங்கியது. சூளைக்குப் பசி இல்லை, மூச்சுத் திணறல்.

ஆகவே எண் இறங்கினால் கை விறகுக்குப் போவதற்கு முன் கண் இந்த வரிசையில் போகட்டும்: புகை வெளுத்ததா? அடித்துளையில் கங்கு அடைத்திருக்கிறதா? புகைபோக்கியின் டேம்பரை, அதாவது புகை வழியைக் கூட்டிக் குறைக்கும் தகட்டை, யாராவது தள்ளிவிட்டார்களா? மூன்றும் சரியாக இருந்தால்தான் விறகு. காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். நன்றாக எரியும் அனாகமா சீராக உறுமும். அந்த உறுமல் விட்டு விட்டு வந்தால் ஏதோ கோளாறு.

வெப்பமானி ஒரு இடத்துச் சூட்டை மட்டும்தான் சொல்லும். பாண்டம் வெந்ததா என்பதைக் கோன் சொல்லும். மண்ணும் கனிமமும் கலந்து செய்த விரல் நீளக் கூம்பு அது, போதிய சூடு போதிய நேரம் பட்டால் தலை குனியும். 10-ஆம் எண் கோன் சாதாரணச் சூளையில் சுமார் 1,290 டிகிரியில் குனியும். நாள்கணக்கில் எரியும் சூளையில் அதற்குக் குறைந்த சூட்டிலேயே குனிந்துவிடும். வெள்ளைச் சூட்டில் கோன் எங்கே நிற்கிறது என்றே தெரியாது. துளை வழியாக ஒரு மெல்லிய குச்சியை நீட்டுங்கள், குபுக்கென்று பற்றிக்கொள்ளும். அந்தச் சுடரின் வெளிச்சம் உருகிய கிளேஸில் பட்டுப் பளபளப்பதும் தெரியும், கோனின் நிழலும் தெரியும். கருப்புக் கண்ணாடி இல்லாமல் இதைச் செய்யாதீர்கள், முகத்தைத் துளைக்கு நேரே கொண்டுபோகாதீர்கள்.

உச்சச் சூட்டை எட்டியதோடு வேலை முடியாது. சாம்பல் படிந்து உருக, மேலே இன்னொரு அடுக்குப் படிய, அதே சூட்டில் ஒரு நாளோ இரண்டு நாளோ தாக்குப்பிடிக்க வேண்டும். பின்பகுதி குளிர்ந்திருந்தால் பக்கவாட்டுத் துளைகளில் விரல் பருமன் குச்சிகளைப் போட்டு அதையும் இழுத்துக்கொண்டு வர வேண்டும். இந்த நாள்களில் புதியவர்கள் செய்யும் தப்பு தூங்காமல் இருப்பது. உங்கள் முறை முடிந்ததும் போய்ப் படுங்கள். தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் கையில் விறகைக் கொடுக்க யாருக்கும் மனம் வராது. ஒவ்வொரு அரை மணிக்கும் எண், புகை, எத்தனை கட்டை என்று நோட்டில் எழுதிவிட்டு முறை மாற்றுங்கள். தண்ணீரில் கொஞ்சம் உப்புப் போட்டுக் குடியுங்கள்.

மூடுவதும் காத்திருப்பதும்

போதும் என்று சென்செய் சொன்னதும் எல்லாத் துளையையும் செங்கல்லும் சேறும் வைத்து ஐந்தே நிமிஷத்தில் அடைக்க வேண்டும். சேறு முன்கூட்டியே குழைத்திருக்கட்டும். எரிந்த நாள் எத்தனையோ, ஆற அத்தனை நாளாவது விட வேண்டும். செங்கல்லை லேசாக நகர்த்தி எட்டிப் பார்க்கலாமா என்று கை பரபரக்கும். குளிர்காற்று உள்ளே போனால் பாண்டம் விரிசல் விடும். ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வாருங்கள்.

பிரிப்பது

தூசி முகமூடி கட்டாயம், என்-95 மாதிரி ஒன்று. சூளைத் தூசியில் சிலிக்கா இருக்கும், நுரையீரலுக்கு நல்லதில்லை. உருகிச் சொட்டிய சாம்பலின் முனைகள் கண்ணாடிச் சில்லு, கையுறை இல்லாமல் பாண்டத்தைத் தடவ வேண்டாம். நான் தடவினேன், உள்ளங்கையில் ஒரு வாரம் பிளாஸ்திரி.

எடுத்த பாண்டத்தின் அடியில் ஒட்டிய உருண்டைகளைத் தட்டி எடுங்கள், மிச்சத்தைச் சாணைக்கல்லைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். தேய்க்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கிளேஸ் படாத இடம் கொஞ்சம் நீர் உறிஞ்சும். அதனால் முதல் தடவை பயன்படுத்துவதற்கு முன் அரிசி கழுவிய தண்ணீரில் போட்டு மெல்லிய தீயில் கொதிக்கவைத்து, அதிலேயே ஆறவிடுவது ஜப்பானிய வீடுகளில் வழக்கம். மாவுச்சத்து நுண்துளைகளை அடைக்கும்.

குடுவையாக இருந்தால் பூ வைப்பதற்கு முன் ஒரு சோதனை. தண்ணீர் நிரப்பிப் பழைய செய்தித்தாள் மேல் ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் தூக்கிப் பாருங்கள். தாள் காய்ந்திருந்தால் நேரே பூ வைக்கலாம். ஈரமாக வட்டம் தெரிந்தால் அரிசித் தண்ணீரில் இன்னொரு முறை கொதிக்கவையுங்கள். என்னுடையது மூன்று முறைக்குப் பிறகும் கசிகிறது. அடியில் ஒரு தட்டு வைத்திருக்கிறேன்.